லாரி மேலிருந்து சொன்ன வாக்கியம்

ட்ரம்கரன், மோனகன் மாவட்டம், அயர்லாந்து
25 பிப்ரவரி 1974, திங்கள்

லோர்கன்,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை.

நேற்று இரண்டாம் பூசை முடிந்ததும் உன் தலைவர் டெலஹன்டி கோயில் வாசலில் லாரி மேல் ஏறிப் பேசினார். நல்ல மழை. ஆனாலும் யாரும் கலையவில்லை. நானும் உன் அத்தான் ஃபெலிமும் முன்னால் நின்றிருந்தோம். அவர் பேசுவது என் தம்பி எழுதிக் கொடுப்பது என்று எனக்கு மட்டும் தெரியும். அந்தப் பெருமையில் நான் குடையைக்கூட ஒழுங்காகப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். "வடக்கு எல்லையோரத்தில் இன்று ஒரு பையன் குண்டடிபட்டு வைக்கோலில் கிடந்தால், அவனுக்கு ஆஸ்பத்திரி இல்லை, சாமியார் இல்லை. மாட்டுக்குத் தையல் போடுகிறவரைக் கூட்டி வருகிறார்கள். அவர் கன்று இழுக்கும் கயிற்றை ஓரமாக வைத்துவிட்டு, நடுங்கும் கையோடு நம் பிள்ளைக்குத் தைக்கிறார். அந்தப் பிள்ளை அம்மாவைக் கூப்பிடவில்லை. வீட்டில் விட்டுவந்த நாயைக் கூப்பிட்டான். இதற்கா விடுதலை என்று பெயர்?"

எல்லோரும் கை தட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆனால் ஒருவர்கூட ஃபெலிமைத் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த வட்டாரத்துக்கே மாட்டு டாக்டர் அவர் ஒருவர்தான். 'என்ன டாக்டர், உங்களைத்தான் சொல்றார்' என்று யாராவது ஒருவர் கிண்டல் செய்திருந்தால் எனக்கு மூச்சு வந்திருக்கும். யாரும் செய்யவில்லை. எல்லோரும் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கையைப் பிடித்திருந்த ஃபெலிமின் கை மெதுவாக விலகியது.

ஜனவரியில் நான் உனக்கு எழுதியது இதுதானே, லோர்கன்? விடியற்காலையில் ஹியூயி மெக்கேயின் பண்ணையில் பசு வயிற்றில் கன்று குறுக்கே கிடக்கிறது என்று சொல்லி அவரைக் கூட்டிப் போனார்கள். கொட்டகைக்குள் போனால் வைக்கோலில் ஒரு பையன், தொடையில் குண்டு. ஆங்கிலேயரை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கும் இயக்கத்து ஆட்கள் மூன்று பேர். விளக்கைப் பிடித்துக்கொண்டு ஹியூயி. தைத்து முடித்து வீட்டுக்கு வந்தவர் என்னிடம் மட்டும்தான் சொன்னார். நெஞ்சில் வைத்துக்கொள்ள முடியாமல் நான் உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். கடைசி வரியில் 'எரித்துவிடு' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் ஃபெலிம் சொன்னார்: "ஹியூயிதான் எங்கேயோ குடிச்சுட்டு உளறியிருக்கணும். நான் உன்னைத் தவிர யார்கிட்டயும் சொல்லலையே யூனா." என்னைச் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. ஆறுதலாகச் சொன்னார். நீ டெலஹன்டிக்கு எழுதுவது அவருக்குத் தெரியாது. அரசு வேலையில் இருக்கிறவன், வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று நீதானே என்னிடம் சத்தியம் வாங்கினாய்.

அந்த மனிதரை இன்னொரு முறை பேசச் சொல். அதெல்லாம் கற்பனை என்று சொல்லச் சொல். தொலைபேசியில் கூப்பிடாதே. இங்கே இணைப்புக் கொடுக்கிறவள் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

யூனா


டப்ளின்
28 பிப்ரவரி 1974

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதலில் நீ நிதானமாக இருக்க வேண்டும். பயம் வந்துவிட்டால் சின்ன விஷயமும் மலையாகத் தெரியும்.

அந்த வாக்கியத்தில் பெயர் இல்லை, ஊர் இல்லை, நாள் இல்லை. எல்லை நெடுக எத்தனையோ மாட்டு மருத்துவர்கள் இருக்கிறார்கள். கேட்கிற ஒவ்வொருவரும் தங்கள் ஊரில் நடந்ததாக நினைத்துக்கொள்வார்கள். அப்படி நினைக்க வேண்டும் என்றுதான் எழுதினேன். அவர் அதை ட்ரம்கரனிலேயே பேசுவார் என்று எனக்குத் தெரியாது. வேறு ஊரில் பேசுவதாக இருந்தது. அங்கே வெள்ளம் என்று கடைசி நேரத்தில் மாற்றிவிட்டார்கள்.

இப்போது மறுத்துப் பேசினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். இதுவரை கவனிக்காதவன்கூட, ஏன் மறுக்கிறார் என்று கேட்பான். விட்டுவிட்டால் பத்து நாளில் மறந்துபோகும். டப்ளின் பத்திரிகைகள் இரண்டு அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போட்டிருக்கின்றன என்பது உண்மைதான். நேற்று சாம்பல் புதன் பூசையில் சாமியாரே அதைச் சொல்லிப் பிரசங்கம் செய்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அழுதாள். அக்கா, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அந்த வாக்கியத்தால் நாலு பையன்கள் துப்பாக்கி தூக்கப் போகாமல் நின்றால், நீ எனக்கு எழுதியது வீண் இல்லை.

அத்தானிடம் எதுவும் சொல்லாதே. அவர் எப்போதும் போல வேலைக்குப் போகட்டும்.

உன் கடிதத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்.

உன் தம்பி,
லோர்கன்


ட்ரம்கரன்
5 மார்ச் 1974, செவ்வாய்

லோர்கன்,

கவலை வேண்டாம் என்கிறாய். எரித்துவிட்டேன் என்று எழுதவில்லை. நாலாம் வகுப்புக்குப் பதினெட்டு வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை எப்படிப் பதில் சொல்லும் என்று எனக்குத் தெரியும்.

இது கன்று போடும் மாதம். போன வருஷம் இந்த வாரத்தில் ஃபெலிம் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. இப்போது எட்டு நாளாக ஒருவரும் கூப்பிடவில்லை. குவிக்லி பண்ணையில் பசுவும் கன்றும் சேர்ந்தே செத்துப்போனதாம். இரண்டு மைல்தான். ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. இவர் தினமும் காலையில் பூட்ஸை மாட்டிக்கொண்டு தொலைபேசி பக்கத்தில் உட்காருகிறார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போதும் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்.

நேற்று மத்தியானம் அழைப்பு மணி அடித்தது. யாரோ வேலைக்குக் கூப்பிட வந்துவிட்டார்கள் என்று அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். வாசலில் இரண்டு பேர், ஒரு வேட்டை நாயோடு. நாயின் பாதத்தில் வெட்டு. சின்னவனை எனக்குத் தெரியும். மாலகி. நான் பாடம் சொல்லிக் கொடுத்தவன், இப்போது இருபத்து நாலு வயது. "டீச்சர், நல்லா இருக்கீங்களா?" என்று தலை குனிந்தான். பெரியவரைத் தெரியாது. டை கட்டியிருந்தார். சமையலறை மேஜை மேல் நாயைத் தூக்கி வைத்தது அவர்தான்.

ஃபெலிம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெரியவர் கேட்டார்:

"டாக்டர் பேப்பர் படிக்கிறதுண்டா?"

"மாட்டுச் சந்தை பக்கம் மட்டும் பாப்பேன்."

"நாங்க ஒரு வரி விடாம படிப்போம். உங்க தொழிலைப் பத்தி அழகா வந்திருக்கே. படிச்சுட்டு மாலகி அழுதுட்டான்னா பாருங்களேன்."

மாலகி கூரையைப் பார்த்தான்.

"பையன் நாயைக் கூப்பிட்டது அஞ்சு பேருக்குத்தான் தெரியும் டாக்டர். அதுல எங்க ஆளு மூணு. எனக்குக் கணக்கு சுமாராத்தான் வரும். டீச்சர், மிச்சம் எத்தனை?"

ஃபெலிம் தலை நிமிராமல் தைத்துக்கொண்டே சொன்னார்: "கொட்டகை என்னோடது இல்லையே."

"அதுவும் சரிதான்" என்றார் பெரியவர். ரொம்ப நேரம் நாயின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். போகும்போது, "ஞாயித்துக்கிழமை கழிச்சுக் கட்டுப் பிரிக்க வர்றோம். அதுக்குள்ள ரெண்டு பேரும் யோசிச்சு வையுங்க" என்றார். மாலகி வாசலில் நின்று செருப்பு மண்ணைத் துடைத்தான். வரும்போது துடைக்க மறந்துவிட்டானாம். போகும்போது துடைக்கிறான்.

அவர்கள் போன பிறகு ஃபெலிம் மேஜையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். நான் சொல்லிவிட வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

அந்தக் கடிதம் எங்கே இருக்கிறது? இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் எழுது.

யூனா


டப்ளின்
8 மார்ச் 1974, வெள்ளி

அன்புள்ள அக்கா,

கடிதம் டெலஹன்டியிடம் இருக்கிறது.

இந்த ஒரு வரியை எழுத நான்கு தாள்களைக் கிழித்தேன். உண்மை என்று தெரியாமல் மேடையில் சொல்ல மாட்டேன் என்றார். காட்டினேன். படித்துவிட்டு, 'இது என்னிடமே இருக்கட்டும்' என்று தன் தோல் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் திருப்பிக் கேட்கவில்லை. கேட்க வெட்கமாக இருந்தது. அவர் என்னை அவ்வளவு பாராட்டிக்கொண்டிருந்தார்.

உன் கடிதம் வந்ததும் அலுவலகத்தில் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சொன்னது இது:

"லோர்கன், முப்பது வருஷமா மேடையில கத்துறேன். ஜனங்க வீட்டுக்குக் கொண்டுபோன வாக்கியம் இது ஒண்ணுதான். அதைப் போய் பொய்னு சொல்லச் சொல்றியா?"

"ஒரு ஆளோட உயிர் ஐயா."

"நான் பேரு சொன்னேனா?"

"சொல்லலை."

"பின்ன என்ன? அக்காவைக் கொஞ்ச நாள் கடற்கரைப் பக்கம் போயிட்டு வரச் சொல்லு. காத்து மாறினா எல்லாம் சரியாப் போகும்."

அவர் கெட்டவர் இல்லை அக்கா. பேச்சோடு பேச்சாக என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை சூடாக, உண்மையாகத்தான் இருந்தது. தான் சொன்ன ஒரு வார்த்தையால் ஒருவருக்கு உயிர்ப்பயம் வரும் என்று அவரால் நம்பவே முடியவில்லை. அவர் வார்த்தைக்கு எப்போதும் கைதட்டல்தான் வந்திருக்கிறது.

ஆனால் ஒன்று வாங்கிவிட்டேன். கெஞ்சித்தான் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வானொலியில் பேட்டி கொடுக்கிறார். இதைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். கேட்டால், அந்த மருத்துவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை, தகவல் வேறு வழியில் வந்தது என்று சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். அந்தப் பதிலையும் நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அத்தான் மேல் யாரும் விரல் நீட்ட முடியாது. ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்துக்கொள்.

எனக்கும் தூக்கம் இல்லை. இரண்டு நாளாகத் தெருமுனையில் ஒரு கார் நிற்கிறது. பால்காரரின் கார்தான். தெரியும். இருந்தாலும் நான் சுற்றுவழியில்தான் வீட்டுக்குப் போகிறேன்.

லோர்கன்


ட்ரம்கரன்
12 மார்ச் 1974, செவ்வாய்

லோர்கன்,

இதைத் தபாலில் போடவில்லை. டப்ளின் பேருந்து ஓட்டுகிற டெஸ்ஸியிடம் கொடுத்து, உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

உன் தலைவர் வாக்கைக் காப்பாற்றினார். வானொலியில் நானும் கேட்டேன். "அந்த மருத்துவர் வாய் திறக்கவில்லை. கடவுள் மேல் ஆணை. எனக்கு இது வேறு வழியில் வந்தது" என்றார். ஃபெலிம் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பதினைந்து நாளில் முதல்முறையாக, டீ போடு என்று கேட்டார். நானும் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தேன். மிச்சம் எத்தனை என்று அந்த ஆள் கேட்டது அப்போது எங்கள் இரண்டு பேருக்குமே ஞாபகம் வரவில்லை.

அன்று மூன்று மணிக்கு ஹியூயியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

எங்களுக்குத் தெரிந்ததே மாடுகளால்தான். சாயந்திரம் அவர் பண்ணைப் பக்கமிருந்து பசுக்கள் கத்தும் சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது. பால் கறக்காமல் மடி கட்டிப்போய் ஒன்பது பசுவும் கத்தின. ஃபெலிம் போய்ப் பார்த்தார். கதவு திறந்து கிடந்தது. மேஜையில் பாதி உருளைக்கிழங்கு. நாற்காலி மட்டும் கவிழ்ந்திருந்தது. அன்றிலிருந்து ஃபெலிம்தான் இரண்டு வேளையும் கறக்கிறார். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறப்பதில்லை. காவல் நிலையத்துக்குப் போ என்று நீ சொல்லாதே. போலீஸ் வண்டி அந்தப் பாதையில் திரும்பினால் ஹியூயி அன்றே செத்தார்.

நேற்று நான் தொழுவத்துக்குப் போனேன். ஃபெலிம் பசுவின் விலாவில் தலையைச் சாய்த்துக் கறந்துகொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"நான்தான் காட்டிக் குடுத்தேன் யூனா. கொட்டகை என்னோடது இல்லன்னு சொன்னேன்ல. அந்த ஆள் கேக்கக்கூட இல்ல. நானா சொன்னேன்."

நின்றபடியே சொல்லிவிட்டேன். உனக்கு எழுதியது, நீ யாருக்கு எழுதுகிறாய் என்பது, எல்லாம். பால் வாளியில் விழும் சத்தம் நிற்கவே இல்லை. கடைசியில் கேட்டார்:

"எத்தனை பக்கம் எழுதுன?"

"நாலு."

"என் கை நடுங்குச்சுன்னு எழுதுனியா?"

"எழுதுனேன்."

அந்தப் பசுவை முடித்துவிட்டு அடுத்த பசுவுக்கு முக்காலியை நகர்த்தினார். அதையும் கறந்து முடித்த பிறகுதான் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஹியூயி நல்ல மனுஷன். நான் அவரை ரெண்டு வாரமா மனசுக்குள்ள திட்டிக்கிட்டே இருந்தேன்."

நான் மாலகியின் வீட்டுக்குப் போய்ச் சொல்லப் போகிறேன். ஆனால் வெறும் கையோடு போனால் நம்ப மாட்டார்கள். புருஷனைக் காப்பாற்றப் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறாள் என்பார்கள். அந்தக் கடிதம் வேண்டும், லோர்கன். என் கையெழுத்து, ஜனவரித் தேதி. அதோடு, 'இதைத் தலைவரிடம் கொடுத்தது நான்' என்று சொல்ல நீயும் வேண்டும். எப்படியாவது எடு. எடுத்துக்கொண்டு நாளைக் காலைப் பேருந்தில் வா. ஹியூயி இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியவில்லை. இருந்தால் அதிக நாள் இல்லை.

பயப்படாதே என்று எழுத மாட்டேன். எனக்கே பயமாக இருக்கிறது. பயந்துகொண்டே வா.

யூனா


ஆர்டி, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே உள்ள தங்கும் விடுதி
13 மார்ச் 1974, புதன்

அக்கா,

கடிதத்தை எடுத்துவிட்டேன். டெஸ்ஸி கொண்டுவந்து கொடுப்பார். கூடவே நான் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று இருக்கிறது. என் பெயர், என் அலுவலகம், எந்தத் தேதியில் டெலஹன்டியிடம் காட்டினேன், எல்லாம் எழுதியிருக்கிறேன். இதில் ஒளிக்க எதையும் மிச்சம் வைக்கவில்லை.

நேற்று சாயந்திரம் அவர் வீட்டு வரவேற்பறையில் தோல் பையைத் திறந்து எடுத்தபோது அவரே உள்ளே வந்துவிட்டார். திருடுகிறாயா என்று கேட்பார் என நினைத்தேன். என் கையில் இருந்த தாளைப் பார்த்தார். "ஏதாவது ஆயிடுச்சா?" என்று கேட்டார். விவசாயியைக் கொண்டுபோய்விட்டார்கள் என்றேன். உட்கார்ந்துவிட்டார். "இதை யாரும் என்கிட்ட சொல்லலைன்னு வெச்சுக்குவோம் லோர்கன். நீ இங்க வரவும் இல்ல" என்றார். நான் வெளியே வரும்போது அவரே விளக்கை அணைத்தார்.

காலையில் பேருந்தில் ஏறினேன் அக்கா. சத்தியமாக ஏறினேன். ஸ்லேன் வரை, என்ன பேச வேண்டும் என்று மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே வந்தேன். அதற்கப்புறம் மேட்டில் ஒரு பண்ணை, திறந்த கொட்டகை, உள்ளே வைக்கோல் தெரிந்தது. ஆர்டியில் டெஸ்ஸி வண்டியை நிறுத்தியதும் என் கால் தானாக இறங்கிவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். "ஏறுங்க தம்பி, நேரமாகுது" என்றார். நான் உறையை அவர் கையில் கொடுத்தேன். இதை எழுதி முடிக்கும் வரை நிற்கிறேன் என்றார். ஜன்னல் வழியே தெரிகிறது, இஞ்சினை அணைக்காமல் நின்றுகொண்டிருக்கிறார்.

இன்னும் ஏறலாம். இந்த வரியை எழுதும்போதுகூட ஏறலாம்.

ஏறவில்லை.

லோர்கன்


ப்ரெஸ்டன், லங்காஷையர், இங்கிலாந்து
30 ஏப்ரல் 1974

லோர்கன்,

நீ அத்தை மூலம் அனுப்பிய மூன்று கடிதங்களும் வந்தன. பதில் எழுதாததற்குக் கோபம் மட்டும் காரணம் இல்லை. நடந்ததை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. இப்போது வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

டெஸ்ஸி மத்தியானமே வந்துவிட்டார். நான் உறையைப் பிரித்தேன், உன் தாளைப் படித்தேன், கோட்டை மாட்டினேன். ஃபெலிமும் வந்தார். வர வேண்டாம் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை.

மாலகியின் அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. மகனைக் கூப்பிட்டு, "தொப்பியைக் கழட்டுடா, டீச்சர் வந்திருக்காங்க" என்றாள். அவன் கழற்றிவிட்டு வெளியே போய், அரை மணி நேரத்தில் டை கட்டிய அந்த ஆளோடு வந்தான். நான் என் கடிதத்தை நின்றுகொண்டு சத்தமாகப் படித்தேன். நாலு பக்கமும். என் குரல் எங்கெங்கேயோ போனது. பையன் நாயைக் கூப்பிட்ட இடம் வந்தபோது மாலகியின் அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்புறம்தான் தெரிந்தது, அந்தப் பையன் நாலாம் நாளே இறந்துபோனான். அவன் வீட்டாருக்கு இன்னும் சொல்லவில்லையாம்.

அந்த ஆள் கடிதத்தை வாங்கித் தேதியைப் பார்த்தார். உன் தாளையும் படித்தார்.

"இந்த லோர்கன்?"

"என் தம்பி."

"இதெல்லாம் அவன் எழுதிக் குடுக்கிறதா? பரவாயில்லையே. நல்லாத்தான் எழுதுறான்." பிறகு, "அவன் ஏன் வரலை?" என்றார்.

"பயம்" என்றேன்.

அவர் சிரித்தார். "இதை நம்பலாம்" என்றார். "மிச்சத்தை நீ சோடிச்சிருக்கலாம். இதை யாரும் சோடிக்க மாட்டாங்க."

நீ வராததுதான் அவர் நம்பியதற்குக் காரணம் என்று நினைத்து ஆறுதல் அடையாதே. நீ வந்திருந்தாலும் நம்பியிருப்பார். ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே போகும் வழியில், கடிதத்தின் தலைப்பில் உன் பெயர் இருக்கும் துண்டையும் உன் தாளையும் கிழித்து வேலியில் எறிந்துவிடலாமா என்று நின்றேன். ஃபெலிம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கிழிக்கவில்லை. ஹியூயிக்காகக் கிழிக்கவில்லை என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். உன் மேல் இருந்த ஆத்திரத்தாலும்தான். என் கடிதமும் உன் தாளும் இப்போது அவர்களிடம் இருக்கின்றன.

வெள்ளிக்கிழமைக்குள் கடலுக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும், திரும்பி வரக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். உயிரோடு விட்டது மாலகியின் அம்மாவால் என்று நினைக்கிறேன். அவர் பேசி முடிக்கும் வரை அவள் ரொட்டிக் கத்தியைக் கையிலிருந்து கீழே வைக்கவே இல்லை.

வியாழக்கிழமை காலையில் ஹியூயியை நாற்சந்தியில் இறக்கிவிட்டார்கள். காலில் செருப்பில்லை. முகம் ஒரு பக்கம் வீங்கி, இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. நேராகத் தொழுவத்துக்கு வந்தார். ஃபெலிம் கறந்துகொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன். ஹியூயியின் காலில் விழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார்.

"டீச்சர்," என்றார், "நாலு நாளும் டாக்டர்தான் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன். ரேடியோவுல அந்தத் தலைவர் டாக்டர் இல்லைன்னு சொன்னதும் எனக்கு இன்னும் உறுதியாயிடுச்சு."

"அவங்ககிட்ட சொன்னீங்களா?" என்று ஃபெலிம் கேட்டார்.

"இல்ல. கேட்டுக்கிட்டேதான் இருந்தாங்க. தெரியாதுன்னு சொன்னேன்." "சொன்னா உங்களைக் கொண்டு வந்து பக்கத்துல உக்கார வெச்சிருப்பாங்க. அந்த இடத்துல ரெண்டு பேருக்கு எடம் இல்ல டாக்டர்" என்றார்.

ஃபெலிம் வெளியே போய்விட்டார். அதன் பிறகு வந்து ஹியூயியின் கைக்குக் கட்டுப் போட்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. மறுநாள் நாங்கள் இரண்டு பெட்டியோடு கப்பல் ஏறினோம். பள்ளிக்கூடத்துச் சாவியைத் தலைமை ஆசிரியரிடம் கொடுத்தபோது, எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

இங்கே ஃபெலிமுக்கு இறைச்சிக் கூடத்தில் பரிசோதகர் வேலை. உயிருள்ள மாட்டைத் தொட்டு ஆறு வாரம் ஆகிறது. ரொட்டிக் கடையில் நான் வாயைத் திறந்தால் பேச்சை வைத்து அயர்லாந்துக்காரி என்று தெரிந்து, வரிசை அமைதியாகிவிடுகிறது. குண்டு வைக்கிறவர்களாக இருக்குமோ என்று இங்கே அவர்களுக்கு எங்களைக் கண்டு பயம். எங்கள் வாசலில் கார் மெதுவாகப் போனால் நாங்கள் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிடுகிறோம். அது போன பிறகு, விட்ட இடத்திலிருந்து பேசுவது போல நடிக்கிறோம்.

போன வாரம் டெலஹன்டி பேசியது இங்கேயும் பத்திரிகையில் வந்தது. 'ஏழை விவசாயி ஒருவர்' பட்ட பாட்டைப் பற்றிப் பேசியிருக்கிறார். வாக்கியங்கள் நீளம் நீளமாக இருந்தன. உன்னுடையவை அல்ல என்று தெரிந்தது. நீ அவருக்கு எழுதுவதை விட்டுவிட்டாய், அரசு வேலையும் போய்விட்டது, பொந்துக்குள் இருப்பது போல அறையிலேயே இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். மன்னிப்பு என்ற வார்த்தையை மூன்று கடிதத்திலும் சேர்த்துப் பதினோரு இடத்தில் எழுதியிருக்கிறாய். கடிதத்தில் எழுதினால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும் லோர்கன். நம் குடும்பத்தில் எல்லோருக்கும் எழுத வரும்.

இனி எழுதாதே. கப்பல் ஏறி வா. ஃபெலிமிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "அவன் வர மாட்டான்" என்றார். பிறகு பார்த்தால், மாடியில் காலியாக இருக்கும் அறையில் படுக்கையின் உடைந்த காலுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

முகவரி உறையின் பின்னால் இருக்கிறது. பச்சைக் கதவு. வந்தால் கதவைத் தட்டாதே. தட்டும் சத்தம் கேட்டால் அவர் எழுந்து பின்வழியாகப் போய்விடுகிறார், நான் போய்த் தேடிக் கூட்டி வர வேண்டும். தெருவிலேயே நின்று உன் பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடு. தெரு முழுக்கக் கேட்டாலும் பரவாயில்லை.

யூனா